கோப்பு போய்ச் சேர்ந்தது, எழுத்து சேரவில்லை

புத்தளம் மாவட்டத்துக் கரையோரத்தில் ஆவணங்கள் ஓரிடத்தில் தங்குவதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து ஏறக்குறைய 75,000 முஸ்லிம்களை வெளியேற்றியபோது, அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம், பாலாவி, நுரைச்சோலை, கற்பிட்டிப் பக்கங்களுக்குத்தான். அந்தக் குடும்பங்களின் கடதாசிகள் அன்றிலிருந்து இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே அலைகின்றன. காணி உறுதி மன்னாரில் உள்ள காணிக்கு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் புத்தளத்தில், வாக்காளர் இடாப்பில் பெயர் சிலருக்கு அங்கே, சிலருக்கு இங்கே. இதற்கு மேல் மொழியும் வந்து சேர்கிறது. 1988 இன் 16 ஆம் திருத்தத்துக்குப் பின்னான அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரைப்படி வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ், புத்தளம் அடங்கிய வடமேல் மாகாணத்தில் சிங்களம். ஆகவே மீள்குடியேற்றம் கேட்டு எழுதிய ஒரு விண்ணப்பம் தமிழில் பதிவேடு வைக்கும் செயலகத்துக்கும் சிங்களத்தில் பதிவேடு வைக்கும் செயலகத்துக்கும் இடையே போய்வர வேண்டும். அது இன்று கோப்பாகவே போகிறது: அலுவலகத்தில் விண்டோஸ் கணினி, வீட்டில் அன்ட்ரொய்ட் கைபேசி, கட்டாரிலோ இலண்டனிலோ இருக்கும் சகோதரன் கையில் ஐபோன். ஒரு கருவியில் செய்த கோப்பை வேறொரு கருவியில் திறப்பது என்கிற சாதாரணத் தொழில்நுட்பக் கேள்வி இங்கே குடியுரிமையோடு ஒட்டிய கேள்வியாகிவிடுகிறது. அந்தக் கேள்வியில் நாம் தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பதே இக்கட்டுரையின் வாதம். கோப்பைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பெருமளவு முடிந்துவிட்டது. கோப்புக்குள் இருக்கும் தமிழ் எழுத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான் அரைகுறையாகக் கிடக்கிறது, அதை முடிக்கும் பொறுப்பு அலுவலகங்களுடையது.

கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை எவ்வளவு தூரம் முடிந்திருக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் 1980களின் தொடக்கத்தில் உருவாக்கிய, வலையமைப்பில் கணினிகள் கோப்பைப் பகிர்ந்துகொள்வதற்கான எஸ்.எம்.பி. என்ற நெறிமுறையை மைக்ரோசொப்ட் தன்னுடையதாக்கிக்கொண்டது. அதன் உள்வேலையை வெளியிலிருந்தே ஆராய்ந்து, விண்டோஸ் அல்லாத கணினிகளும் பேசும்படி அவுஸ்திரேலியரான ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992 இல் ஒரு நிரலை வெளியிட்டார். அதுவே பின்னர் சம்பா என்று பெயர் பெற்றது. பென் டிரைவின் கதையும் இதே போக்கில்தான். பழைய எஃப்.ஏ.டி.32 அமைப்பில் 4 கிகாபைட்டைத் தாண்டிய ஒற்றைக் கோப்பை எழுத முடியாது. இடம் தாராளமாக இருந்தும் கலியாண வீடியோ ஏற மறுத்ததன் காரணம் அதுதான். 2006 இல் வந்த எக்ஸ்ஃபெட் அந்த எல்லையை நீக்கியது, ஆனால் அதன் விவரக்குறிப்பு மைக்ரோசொப்டின் கைக்குள்ளேயே இருந்தது. 2019 ஓகஸ்டில் அது பொதுவில் வெளியிடப்பட்டது, அதே ஆண்டு நவம்பரில் லினக்ஸ் கருநிரலின் 5.4 பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. கைபேசிகளில் பிடிவாதம் அதிக காலம் நீடித்தது. அன்ட்ரொய்டிலிருந்து புளூடூத்தில் அனுப்பும் கோப்பை ஐபோன் வாங்காது. அப்பிளின் எயார்ட்ரொப் 2011 முதல் அப்பிள் கருவிகளுக்குள்ளேயே சுற்றியது. 2025 நவம்பரில் கூகுள் தன் பிக்சல் 10 கைபேசிகளிலிருந்து ஐபோனுக்கு நேரே அனுப்பும் வழியைத் திறந்தது. இன்னும் எல்லாக் கைபேசிக்கும் அது வரவில்லை என்றாலும் திசை தெளிவு. இடைக்காலத்தில் வட்ஸ்அப் எல்லோருடைய தபால்காரனாகிவிட்டது. கற்பிட்டியிலிருந்து ஒரு கோப்பை எந்த நாட்டுக்கும் எந்தக் கருவிக்கும் அனுப்ப இன்று யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை.

அப்படிப் போய்ச் சேர்ந்த கோப்பைத் திறந்தால் என்ன தெரிகிறது? இலங்கைத் தமிழ் அலுவலகங்களும் அச்சகங்களும் தட்டச்சுக் கடைகளும் தொண்ணூறுகளிலிருந்து பாமினி என்ற எழுத்துருவில் ஊறியவை. பாமினியில் 'இலங்கை' என்று அடித்த ஒரு கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அதற்குள் தமிழ் எழுத்து ஒன்றுகூட இருக்காது. இருப்பவை ஆறு குறிகள்: ஒரு காற்புள்ளி, ஆங்கிலச் சின்ன வை, சின்ன கியூ, ஓர் அரைப்புள்ளி, சின்ன ஐ, சின்ன எஃப். காற்புள்ளியின் இடத்தில் 'இ' என்ற உருவத்தையும், வையின் இடத்தில் 'ல' வையும், கியூவின் இடத்தில் 'ங' வையும், அரைப்புள்ளியின் இடத்தில் மெய்யெழுத்தின் புள்ளியையும் பாமினி வரைந்து வைத்திருக்கிறது. கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். 'கை' யில் ஐகாரக் கொம்புக்கு உரிய ஐ முன்னாலும் 'க' வுக்கு உரிய எஃப் பின்னாலும் வருகின்றன. கண்ணுக்குத் தெரியும் வரிசை அதுதான். நாம் உச்சரிக்கும் வரிசை அதுவல்ல. பாமினி நிறுவிய கணினியில் இந்தக் கோப்பு அழகான தமிழாகத் தெரியும். பாமினி இல்லாத கைபேசியில் அந்த ஆறு குறிகளும் இருந்தபடியே, பொருளற்ற ஆங்கிலமாகத் தெரியும். கோப்பில் ஒரு பைட் கூடக் கெடவில்லை, வழியில் எதுவும் தொலையவில்லை. தமிழ் என்பது அந்தக் கோப்புக்குள் ஒருபோதும் இருந்ததில்லை; அது அனுப்பியவரின் கணினியில் தங்கிவிட்டது.

யாழ்ப்பாணத்தில் இது ஒருமடங்கு சிக்கல் என்றால் புத்தளத்தில் இருமடங்கு. இங்கே ஓர் அறிவித்தல் பெரும்பாலும் இரண்டு மொழியில் தயாராகிறது, சிங்களத்துக்கும் இதே பழைய முறையில் அமைந்த எழுத்துருக்கள் உண்டு. எஃப்.எம். அபய அவற்றில் அதிகம் புழங்கியது. பாமினியும் அபயவும் ஒரே ஆங்கிலக் குறிகளின் மேல்தான் தம் தம் எழுத்துகளைப் பூசிவைத்திருக்கின்றன. கணினிக்குள் 44 என்ற எண்ணாகப் பதியும் காற்புள்ளி பாமினியில் 'இ', அபயவில் சிங்கள 'ல'. 59 என்ற எண்ணுக்குரிய அரைப்புள்ளி பாமினியில் மெய்ப்புள்ளி, அபயவில் சிங்கள 'த'. ஒரே பக்கத்தில் மேலே சிங்களமும் கீழே தமிழுமாக அடித்த கடிதத்தை மின்னஞ்சலுக்குள் வெட்டி ஒட்டும்போது எழுத்துருவின் பெயர் உதிர்ந்துவிட்டால், எந்த வரி எந்த மொழி என்று சொல்லும் அடையாளம் அந்தக் கோப்பில் எங்கும் மிஞ்சாது. தேர்ந்த கண் ஊகித்துவிடும். ஆயிரம் பெயர் கொண்ட பயனாளிகள் பட்டியலில், கிராம உத்தியோகத்தர் பிரிவின் பெயர் சிங்களத்திலும் குடும்பத் தலைவரின் பெயர் தமிழிலும் இருக்கும் அட்டவணையில், ஊகம் எடுபடாது. இரு மொழிகளும் அன்றாடம் உரசும் ஒரு கரையில் இரு மொழிகளுமே தம் அடையாளத்தைக் கோப்புக்கு வெளியே விட்டுவைத்திருப்பது சிறிய குறை அல்ல.

எழுத்தின் அடையாளம் கோப்போடு சேர்ந்தே போக வேண்டும் என்பது புதிய ஞானம் ஒன்றும் இல்லை. கோப்புப் பரிமாற்றத்துக்கான எஃப்.டி.பி. நெறிமுறையின் முதல் வடிவத்தை 1971 ஏப்ரலில் எழுதியவர் அபய் பூஷண், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்குப் போனவர். அக்காலத்தில் ஐ.பி.எம். பெருங்கணினிகள் பெரிய ஆங்கில ஏ எழுத்துக்கு 193 என்ற எண்ணை வைத்திருந்தன, மற்ற இயந்திரங்கள் அஸ்கி முறையில் 65 ஐ வைத்திருந்தன. ஆகவே அந்த நெறிமுறை கோப்பை அனுப்பும்போதே அது எந்த எழுத்துமுறையைச் சேர்ந்தது என்று அறிவிக்கும் ஏற்பாட்டோடு வளர்ந்தது. அனுப்புகிறவனும் வாங்குகிறவனும் எழுத்தைப் பற்றி உடன்படாமல் பைட்டுகளை மட்டும் கைமாற்றுவது பரிமாற்றமே அல்ல என்று அந்தத் துறையின் முதல் தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. 1991 இல் முதல் பதிப்பு கண்ட யுனிகோட் அந்த உடன்பாட்டை உலகம் முழுமைக்கும் ஒரே முறையில் செய்து முடித்தது. தமிழ் 'அ' வின் எண் 2949, சிங்கள 'அ' வின் எண் 3461. இரண்டும் எந்தக் கருவியிலும் மோதிக்கொள்வதில்லை. விண்டோஸ் 2000 லேயே தமிழ் யுனிகோட்டுக்கு இடமிருந்தது. இலங்கையும் பின்தங்கிவிடவில்லை: தமிழுக்கான தேசிய நியமம் எஸ்.எல்.எஸ். 1326 என்ற இலக்கத்தில் 2008 இல் வந்துவிட்டது.

அப்படியானால் பாமினி ஏன் இன்னும் உயிரோடு இருக்கிறது? சோம்பல் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை. அச்சகக்காரருக்கு நல்ல காரணம் இருந்தது. பேஜ்மேக்கர் போன்ற பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் யுனிகோட் தமிழைக் கோக்கத் தெரியாதவை. கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறும். அடோபி இன்டிசைன் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைச் சரியாகக் கோக்கத் தொடங்கியது 2012 இல் வந்த சி.எஸ். 6 பதிப்பில்தான். அதுவரை ஓர் அச்சகத்திடம் யுனிகோட்டுக்கு மாறு என்று கேட்பது தொழிலை மூடு என்று கேட்பதற்குச் சமம். கைபேசிகளும் 2010களின் தொடக்கம் வரை பலவற்றில் தமிழைக் கட்டங்கட்டமாகவே காட்டின. தட்டெழுத்தாளர் சொல்லும் காரணம் வேறு: விரல் பழகிவிட்டது, இனி மாற்ற முடியாது. இந்தக் காரணத்துக்குள் ஒரு குழப்பம் இருக்கிறது. விசைப்பலகை வேறு, எழுத்துக் குறியீடு வேறு. எந்த விசையைத் தட்டினால் எந்த எழுத்து என்பது முதலாவது, அந்த எழுத்து கோப்புக்குள் எந்த எண்ணாகப் பதிகிறது என்பது இரண்டாவது. பாமினியின் விசைகளையே தட்டி யுனிகோட்டைப் பதியவைக்கும் நிரல்கள் பல ஆண்டுகளாக இலவசமாகக் கிடைக்கின்றன, என்.எச்.எம். ரைட்டரும் இ-கலப்பையும் பலருக்கும் தெரிந்தவை. எஸ்.எல்.எஸ். 1326 ஏற்ற ரெங்கநாதன் விசைப்பலகையும் அந்த வழக்கத்துக்கு நெருக்கமானதுதான். விரலுக்கு ஒரு மாற்றமும் தேவையில்லை. இதைத் தட்டெழுத்தாளரிடம் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் சொல்லவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கு வரும் எதிர்வாதங்களில் வலுவானது பி.டி.எஃப். கோப்பைப் பற்றியது. பாமினியில் அடித்தால் என்ன, பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே பொதிந்து எல்லாக் கருவியிலும் தமிழாகத் தெரிகிறதே என்பார்கள். தெரிகிறது, உண்மை. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு பாடக்குறிப்புகள் வட்ஸ்அப்பில் போகத் தொடங்கியபோது பி.டி.எஃப். பெரிய உதவி செய்தது. ஆனால் தெரிவது வேறு, இருப்பது வேறு. அந்தப் பி.டி.எஃப். இல் ஒரு பெயரைத் தேடினால் அகப்படாது. ஒரு பந்தியைப் பிரதி எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் அதே காற்புள்ளியும் வையும் கியூவும் வந்து விழும். பார்வையற்ற ஒருவரின் கைபேசி அதை வாசித்துக்காட்ட முற்பட்டால் ஆங்கில எழுத்துகளைத்தான் உச்சரிக்கும். 2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு குடும்பம் காணிப் பட்டியல் கேட்டு, நூற்றுக்கணக்கான பக்கத்துக்கு அத்தகைய பி.டி.எஃப். ஒன்றைப் பெற்றால், தன் பெயர் அதில் இருக்கிறதா என்று அறிய முதற் பக்கத்திலிருந்து விரல் வைத்து வாசித்துவர வேண்டும். தகவல் கொடுக்கப்பட்டுவிட்டது என்று அலுவலகம் எழுதிக்கொள்ளலாம். பயன்படுத்தக் கூடிய வடிவில் கொடுக்கப்படவில்லை.

படம் பிடித்து அனுப்பினால் போதாதா என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது, ஆனால் நடைமுறையில் இதுதான் வென்றிருக்கிறது. உறுதியைக் கைபேசியில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அது சுருக்கப்படுகிறது. பெரிய எழுத்துகள் பிழைத்துக்கொள்ளும். நில அளவைப் படத்தின் ஓரத்தில் பொடியாக எழுதிய லொட் இலக்கமும் ரூட், பேர்ச்சஸ் கணக்கும் மங்கிவிடும். 3 ஆ 8 ஆ என்று ஐயம் வருவது அங்கேதான். படமாக அல்லாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் சுருக்கம் நேராது என்பது சின்னத் தகவல், காணி வழக்கு உள்ள குடும்பத்துக்கு அது பெரிய தகவல். எப்படியும் மூலம் தாளில்தானே இருக்கிறது, சட்டமும் அதைத்தானே கேட்கிறது என்று சிலர் சொல்லக்கூடும். 2006 இன் 19 ஆம் இலக்க மின்னணுக் கொடுக்கல்வாங்கல் சட்டம் காணி விற்பனையையும் இறுதி விருப்பாவணத்தையும் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருப்பது உண்மைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வில் உறுதி ஒன்று என்றால் அதைச் சுற்றிய கடிதம், பட்டியல், சிபாரிசு, பதில் ஆகியவை நூறு. அந்த நூறும் அந்தச் சட்டத்தின் எல்லைக்குள் வருபவை, அவை பெரும்பாலும் கணினியில் பிறந்தவை.

யுனிகோட் மீதே தமிழறிஞர் சிலருக்குக் குறை உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. தமிழுக்கு 128 இடங்கள்தான் ஒதுக்கப்பட்டன. உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை, 'கை' என்பது 'க' வும் கொம்புமாக இரண்டு எண். தமிழ்நாடு அரசு 2010 இல் டேஸ்16 என்ற மாற்றுக் குறியீட்டையும் அங்கீகரித்தது இந்தக் குறையின் அடியில்தான். இடம் அதிகம் பிடிக்கிறது என்பதும் சரி. பாமினியில் ஆறு பைட்டில் அடங்கும் 'இலங்கை' யுனிகோட்டின் வழக்கமான யு.டி.எஃப்.8 வடிவில் 18 பைட் கேட்கிறது. ஆனால் இந்த மூன்று மடங்கு எதனோடு ஒப்பிட்டு அதிகம்? ஒரு முழுப் பக்கத் தமிழ் யுனிகோட்டில் ஆறேழு கிலோபைட். அதே பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்தால் இரண்டு மூன்று மெகாபைட். டேட்டாக் காசு எண்ணிச் செலவிடும் வீட்டுக்கும், சிக்னல் மெலிந்த கடலேரித் தீவுக்கும், யுனிகோட் எழுத்துதான் எல்லாவற்றிலும் மலிவான சரக்கு. உயிர்மெய் வாதத்தில் மொழியியல் நியாயம் இருக்கலாம். பரிமாற்றத்தில் மற்றவர் ஏற்றுக்கொண்ட குறியீடுதான் பயன்படும். தமிழ் மின்னூல்களை 1998 முதல் திரட்டிவரும் மதுரைத் திட்டம் முதலில் வேறு குறியீடுகளில் தொடங்கிப் பின்னர் யுனிகோட்டுக்கு மாறியது. மாறியதால்தான் அந்நூல்கள் இன்று எந்தக் கைபேசியிலும் திறக்கின்றன, தேடுபொறியிலும் அகப்படுகின்றன.

யுனிகோட்டுக்கு வந்த பிறகும் கருவிகளுக்கிடையே ஒரு கண்ணி மிச்சமிருக்கிறது: கோப்பின் பெயர். 'நுரைச்சோலை' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறோம். 'சோ' வின் ஓகாரக் குறியை யுனிகோட்டில் இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே எண்ணாக, அல்லது முன்னே வரும் இரட்டைக் கொம்பும் பின்னே வரும் காலுமாக இரண்டு எண்ணாக. திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே. அப்பிள் மெக் கணினிகளின் பழைய எச்.எஃப்.எஸ். பிளஸ் அமைப்பு பெயரை எப்போதும் பிரித்தே சேமித்தது, விண்டோஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி சேமிக்கிறது. ஆகவே மெக்கிலிருந்து வந்த கோப்பும் விண்டோஸில் செய்த கோப்பும் ஒரே பெயரில் ஒரே உறையில் இரண்டாகக் கிடக்கும். ஒன்றைத் திருத்தினால் மற்றது பழையதாகவே இருக்கும். எது கடைசிப் பிரதி என்பது பெயரைப் பார்த்துத் தெரியாது. 2017 இல் அப்பிள் தன் கணினிகளில் புது அமைப்புக்கு மாறியதும் இந்தத் தொல்லை குறைந்தது. விண்டோஸ் 7 வரையிலான கணினிகளோ தமிழில் பெயரிட்ட கோப்புகளைத் தம் சிப் உறைக்குள் போடவே மறுத்தன. இவற்றைக் காரணம் காட்டித்தான் பல அலுவலகங்கள் கோப்புப் பெயரை ஆங்கிலத்திலேயே வைக்கின்றன. தற்காலிக ஏற்பாடாக அதில் தவறில்லை, ஆனால் அதற்கான தேவை ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது.

யுனிகோட் தீர்க்காத சிக்கலும் உண்டு, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரே ஆளின் பெயர் அடையாள அட்டையில் முஹம்மது, காணிப் பட்டியலில் முகம்மது, பாடசாலைப் பதிவில் முஹம்மத். எழுத்துகள் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் தேடல் மூன்றையும் ஒன்றென்று காணாது. சிங்களத்திலிருந்து தமிழுக்கும் தமிழிலிருந்து சிங்களத்துக்கும் பெயர்கள் தாவும்போது இன்னும் பல வடிவங்கள் முளைக்கின்றன. இதற்கு அடையாள அட்டை இலக்கத்தைப் பெயருக்குப் பக்கத்தில் தவறாமல் வைப்பதுதான் வழி. இந்தக் குறை யுனிகோட்டுக்கு எதிரான வாதமாகாது. பெயர் வடிவங்களை ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலையைத் தொடங்கவே எழுத்துகள் முதலில் எழுத்துகளாக இருந்தாக வேண்டும்.

இனி எழுதுவதை யுனிகோட்டில் எழுதச் செய்வது சுற்றறிக்கை ஒன்றில் முடியக்கூடிய காரியம். கடினமானது பழைய கோப்புகள். பாமினியை யுனிகோட்டாக மாற்றும் நிரல்கள் ஏராளம். அவை முன்னால் நிற்கும் கொம்புகளைப் பின்னால் நகர்த்தி, பிரிந்து நிற்கும் ஒகர ஓகாரங்களைச் சேர்த்து, நல்ல தமிழைத் தந்துவிடும். ஆனால் எந்தப் பகுதி பாமினி, எந்தப் பகுதி அபய, எந்தப் பகுதி உண்மையான ஆங்கிலம் என்று அவற்றுக்கு யாராவது சொல்ல வேண்டும். அந்தத் தகவல் மூல வேர்ட் கோப்பில் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்ற குறிப்பு அதற்குள் பதிந்திருக்கும். வெட்டி மின்னஞ்சலில் ஒட்டிய பிரதியிலும் வெறும் எழுத்துக் கோப்பாகச் சேமித்த பிரதியிலும் அது இல்லை. ஆகவே மாற்றத்தை மூலக் கோப்புகளிலிருந்தே செய்ய வேண்டும், அவை கைக்கு எட்டும் காலத்திலேயே செய்ய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசொப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். அந்தத் தலைமுறைக் கணினிகளின் வன்தட்டுகள் கழிவுக்குப் போகின்றன, பென் டிரைவுகளில் பதிந்தவை ஆண்டுக்கணக்கில் மின்னேற்றம் இல்லாமல் கிடந்தால் மெல்ல அழிகின்றன. இலங்கைத் தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் அச்சில் வந்த நூல்களுக்கும் இதழ்களுக்கும் என்ன செய்ய முடியும் என்று காட்டியிருக்கிறது. அச்சேறாமல் அலுவலகக் கணினியிலேயே கிடக்கும் கோப்புகள் அந்த அலுவலகத்தின் பொறுப்பு. எங்கே தொடங்குவது என்று கேட்டால், இடம்பெயர்ந்தோர் பதிவுப் பட்டியல்களில் தொடங்கலாம். 1990 இல் வந்தவர்களில் அன்று வயது வந்தோராக இருந்தவர்கள் இப்போது முதியவர்கள். பட்டியலில் ஒரு பெயர் யாருடையது, எந்த ஊர்க்காரருடையது என்று பார்த்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான். மாற்றிய பட்டியலைச் சரிபார்க்க அவர்களை அழைத்து உட்காரவைத்து ஒவ்வொரு பெயராக வாசித்துக்காட்ட வேண்டியிருக்கும்.